ஓர் ஈயை அறிய முப்பது ஆண்டுகள்: வாந்தூ மலையடிவார ஆசிரியரின் கதை

பூச்சியொன்றைப் பிடித்து, ஊசியிற் குத்திப் பெட்டியில் வைத்து, அதன் கீழ் இலத்தீன் மொழியில் இரண்டு சொற்களை எழுதி ஒட்டிவிட்டால் அப்பூச்சியை இனங்கண்டாயிற்று எனக் கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய நூதனசாலைகள் அத்தகைய பெட்டிகளால் நிரம்பியிருந்தன. பெட்டிக்குள் இருக்கும் ஈ எதனை உண்டு வளர்ந்தது, எங்கே முட்டையிட்டது, எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில், எந்த எதிரிக்கு மத்தியில் வாழ்ந்தது என்று கேட்டால் அப்பெட்டிகளின் உரிமையாளர்களிடம் பெரும்பாலும் விடை இருக்கவில்லை.

தென் பிரான்ஸின் வறிய பாடசாலை ஆசிரியர் ஒருவர் அந்த விடைகளைத் தேடிப் புறப்பட்டார். ழான் ஹென்றி ஃபாப்ரே என்பது அவரது பெயர். அவருடைய நூல்கள் இன்று உலகின் பல மொழிகளிலும் வாசிக்கப்படுகின்றன. யப்பானில் பாடசாலைச் சிறுவரும் அவரது பெயரை அறிவர். ஆனால், அவர் வாழ்ந்த காலத்தில் அவரது சொந்த மாவட்டம் அவரை நடத்திய விதம் வேறாக இருந்தது. அதனையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவரது வரலாறு முழுமை பெறாது.

1823 டிசம்பரில் செயின்ற் லெயோன் என்ற மலைக் கிராமத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் ஏழைகள். வீட்டில் உணவுக்கு ஒரு வாய் குறையட்டும் என்று குழந்தையைப் பாட்டன் பாட்டியிடம் அனுப்பிவிட்டனர். குளிரும் வறுமையும் நிறைந்த மேட்டுநிலப் பண்ணையொன்றிலேயே அவரது முதற் பருவம் கழிந்தது. பின்னர் தந்தை ஊர் ஊராகச் சென்று நடத்திய தேநீர்க்கடை போன்ற கோப்பிக்கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்துப் போயின. சிறுவன் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றான். புகையிரதப் பாதை அமைக்கும் இடத்தில் கூலிவேலை செய்தான். அவிஞோன் நகர ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையின் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியெய்தியதே அவனைக் கரைசேர்த்தது. 1842இல், பதினெட்டு வயதில், கார்ப்பந்த்ரா நகரில் ஆசிரியர் நியமனம் கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் 700 பிராங்க்.

அங்கே ஒருநாள் மாணவர்களை வெட்டவெளிக்கு அழைத்துச் சென்று நில அளவை கற்பித்துக்கொண்டிருந்தார். அளவுக்கோலை நாட்டச் சென்ற பையன்கள் வழியில் குனிந்து, கூழாங்கற்களைப் புரட்டி, வைக்கோல் துரும்பினால் எதையோ உறிஞ்சிக் குடிப்பதைக் கண்டார். கற்களின் மேல் களிமண்ணும் உமிழ்நீரும் குழைத்துச் சீமெந்துபோல் இறுகிய கூடுகளைக் கட்டும் கொத்தனார்த் தேனீயின் தேன் அது. ஆசிரியரும் குனிந்தார். அத்தேனீயைப் பற்றி அறிவதற்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துப் பூச்சியியல் நூலொன்றை வாங்கினார். மாதச் சம்பளத்தில் வாழும் எவருக்கும் அதன் பொருள் விளங்கும்.

கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றைப் பெரும்பாலும் தாமே கற்றுப் பட்டங்களைப் பெற்றார். 1849இல் கோர்சிக்காத் தீவின் அஜாக்சியோ நகருக்குப் பௌதிக ஆசிரியராகச் சென்றார். அங்கு தாவரவியலாளர் மொக்கென் தாந்தோன், கணிதத்தை விட்டு உயிரினங்களின் பக்கம் திரும்புமாறு அவரைத் தூண்டினார். காய்ச்சல் அவரைத் தீவிலிருந்து விரட்டியது. 1853இல் அவிஞோன் உயர்பாடசாலைக்கு வந்தார். 1855இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

அக்காலத்தில் லெயோன் டுபூர் என்ற முதிர்ந்த அறிஞர் எழுதிய ஆய்வொன்று ஃபாப்ரேயின் கையில் கிடைத்தது. வண்டுகளைப் பிடித்துத் தன் வளைக்குள் சேமிக்கும் ஒருவகைக் குளவியைப் பற்றியது அது. சேமிக்கப்பட்ட வண்டுகள் நாட்கணக்கில் அழுகாதிருப்பதைக் கண்ட டுபூர், குளவி அவற்றைக் கொன்றபின் அழுகலைத் தடுக்கும் திரவம் ஒன்றைச் செலுத்துவதாகக் கருதினார். ஃபாப்ரே சும்மா இருக்கவில்லை. தம் நாட்டுக் குளவியின் வளைகளைத் தோண்டி வண்டுகளை எடுத்துப் பார்த்தார். அவை சாகவில்லை. மின்னோட்டம் பாய்ச்சியபோது அசைந்தன, கழிவையும் வெளியேற்றின. குளவியின் கொடுக்கு வண்டின் நெஞ்சறை நரம்புத் திரளைத் தாக்கி அதனை முடமாக்கியிருந்தது. வளையில் இருந்தது பிணமல்ல, உயிருள்ள இறைச்சி. இதனை நிறுவ, பேனா முனையில் எடுத்த சிறுதுளி அமோனியாவை அதே இடத்தில் தாமே செலுத்திக் குளவியின் வேலையைச் செய்து காட்டினார். 1855இல் வெளியான இந்த ஆய்வுக்கு அடுத்த ஆண்டிலேயே பரிசில் விஞ்ஞானக் கழகத்தின் பரிசு கிடைத்தது. டுபூர் கோபிக்கவில்லை, இளையவரைப் பாராட்டி எழுதினார். அறிஞர்களிடையே இது எப்போதும் நடப்பதன்று.

நமது மூதாதையரும் இக்காட்சியைக் கண்டிருக்கிறார்கள் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். வேட்டுவன் என்னும் குளவி புழுவைக் கொண்டுவந்து மண்கூட்டில் வைத்துக் கொட்டிக் கொட்டி அதனைத் தன்னைப்போலவே குளவியாக்கிவிடும் என்பது தமிழர் நம்பிக்கை. குருவின் தொடர்பால் சீடன் குருவாகிறான் என்பதற்குச் சைவ சித்தாந்திகள் எடுத்தாண்ட உவமையும் இதுவே. உள்ளே சென்றது புழு. வெளியே வந்தது குளவி. கண்டது பிழையன்று. இடையில் கூட்டுக்குள் நடந்ததைத்தான் எவரும் திறந்து பார்க்கவில்லை. குளவியின் முட்டையிலிருந்து வந்த குடம்பி, முடமாகிக் கிடக்கும் புழுவை உயிரோடு சிறிது சிறிதாக உண்டு வளர்கிறது. ஃபாப்ரே கூட்டைத் திறந்து பார்த்தவர்.

அவர் வாழ்ந்த புறோவான்ஸ் பிரதேசத்தில் எங்கிருந்து நோக்கினாலும் கண்ணில் படுவது வாந்தூ மலை. ஏறத்தாழ 1,910 மீற்றர் உயரம். சமவெளியிலிருந்து தனித்து எழுந்து நிற்கும் இம்மலையின் உச்சி, கோடையிலும் பனி மூடியதுபோல் வெண்மையாகத் தெரியும். அது பனியன்று, வெறுஞ் சுண்ணாம்புக்கல் சிதறல். அடிவாரத்தில் ஒலிவ மரமும் வாசனைச் செடிகளும், மேலே பீச் மரக்காடு, அதற்கும் மேலே வடதுருவத்தை அண்டிய நாடுகளில் முளைக்கும் சிறு செடிகள். தெற்கிலிருந்து வடக்கே பல நாட்கள் பயணஞ் செய்தாற் காணக்கூடிய தாவர மாற்றங்களை அரைநாள் ஏற்றத்தில் இம்மலையிற் கண்டுவிடலாம். ஃபாப்ரே இருபது தடவைகளுக்கு மேல் அதன் உச்சியை அடைந்தவர்.

1865 ஆகஸ்ட் மாதம், பெதுவான் கிராமத்திலிருந்து விடியுமுன் புறப்பட்ட குழுவில் அவருடன் தாவரவியல் நண்பர்களும் இருந்தனர். உச்சியை அண்மித்த இடத்தில் பெரிய தட்டைக் கல்லொன்றைப் புரட்டியபோது, அதன் கீழ் அம்மோபிலா இனக் குளவிகள் பல நூறு ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. அவர் திகைத்துப்போனார். காரணம், இது கூட்டமாக வாழும் குளவியன்று. சமவெளியில் ஒவ்வொன்றும் தனித்தே திரியும், தனித்தே வேட்டையாடும். பயிரின் வேரைக் கடிக்கும் சாம்பல் நிறப் புழுவை மண்ணுக்குள்ளிருந்து வெளியே இழுத்து, அதன் உடற்கண்டங்கள் ஒவ்வொன்றாகக் கொட்டி முடமாக்கும் வேட்டைக்காரி அது. அத்தகைய தனியன்கள் நூற்றுக்கணக்கில் மலையுச்சியில் ஏன் கூடின?

அதனை ஆராய அவகாசம் கிடைக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. மூடுபனி சூழ, இரண்டடி தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மலையின் ஒரு பக்கம் செங்குத்தான பள்ளம். தவறான திசையில் இறங்கினால் உயிர் மிஞ்சாது. உடலின் எந்தப் பக்கம் அதிகம் நனைந்திருக்கிறது என்பதைக் கொண்டு மழையைக் கொணர்ந்த காற்றின் திசையை அனுமானித்து, அதிலிருந்து இறங்கவேண்டிய பக்கத்தைத் தீர்மானித்தார் ஃபாப்ரே. கைகோத்து இறங்கினர். இருளில் வழி தேடும்போது அவருக்குத் துணைசெய்தவை செடிகளே. ஆளும் ஆடும் தங்கும் இடங்களைச் சுற்றியே செழிக்கும் செடிகள் சில உண்டு. அவற்றிலொன்றான செந்தட்டி கையிற்பட்டு எரிந்தபோது இடையர் குடிசை அண்மையிலிருப்பதை உணர்ந்தார். ஓர் உயிரினம் எங்கே வாழும் என்ற அறிவு எட்டுப்பேரின் உயிரைக் காத்தது.

குளவிகளின் கூட்டத்துக்கு அவர் கண்ட விளக்கம், அவை குளிருக்கு முன் இடம்பெயரும் வழியில் தங்கியிருக்கலாம் என்பதாகும். இந்த இனத்தின் பெண் குளவிகள் முதிர்ந்த நிலையிலேயே மாரியைக் கழிப்பவை என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் அதனை முடிந்த முடிபாக அவர் கூறவில்லை.

இனி அவிஞோனுக்கு வருவோம். பரிசு பெற்ற விஞ்ஞானியின் ஆண்டுச் சம்பளம் அங்கே 1,600 பிராங்க். வீட்டில் குழந்தைகள் பெருகிக்கொண்டிருந்தனர். பல்கலைக்கழக ஆசனம் ஒன்றுக்கு ஆசைப்பட்ட அவரிடம் கல்விப் பரிசோதகர் ஒருவர், சொந்தச் சொத்து உண்டா என்று விசாரித்தார். சொத்தில்லாதவர் அப்பதவியின் அந்தஸ்தைத் தாங்கமுடியாது என்பது அக்கால நிலைமை. எனவே சொத்தைத் தேட முனைந்தார். மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து செஞ்சாயத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கும் முறையொன்றைக் கண்டறியப் பல ஆண்டுகள் உழைத்தார். வெற்றியும் பெற்றார். அந்த வேளையில், 1860களின் இறுதியில், ஜேர்மனிய இரசாயனவியலாளர் அதே அலிசாரின் சாயத்தை ஆய்வுகூடத்தில் செயற்கையாகவே தயாரித்துவிட்டனர். (ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அரசிறைக்கு வருமானந் தந்த நமது சாயவேரில் இருப்பதும் இதே பொருள்தான்.) புறோவான்ஸின் சாயச்செடி வயல்கள் அழிந்தன. ஃபாப்ரேயின் நம்பிக்கையும் உடன் அழிந்தது.

கல்வி அமைச்சராயிருந்த விக்டர் துருயி அவரது ஆற்றலை அறிந்து, பரிசுக்கு அழைத்து, 1868இல் அரச விருதான லெஜியோன் தொனர் பதக்கத்தை வழங்கச் செய்தார். பேரரசர் மூன்றாம் நெப்போலியனையும் சந்திக்க வைத்தார். துருயியின் திட்டப்படி பெண்பிள்ளைகளுக்கும் விஞ்ஞானம் கற்பிக்கும் இலவச வகுப்புகள் அவிஞோனில் தொடங்கின. ஃபாப்ரே விருப்பத்துடன் கற்பித்தார். மகரந்தம் சூலை அடைந்து பூ காயாகும் விதத்தை இளம் பெண்களுக்கு விளக்கியது பெருங்குற்றமாக்கப்பட்டது. பழைமைவாதிகள் எழுந்தனர். 1869இல் துருயி பதவியிழந்ததும் ஆசிரியருக்கு அரணாக நிற்க ஒருவரும் இல்லாது போயினர். அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரிகளான முதிய பெண்மணிகள் இருவர், நீதிமன்ற ஆணையுடன் ஆளனுப்பி அவரை வெளியேற்றினர். ஒரு பூவின் கருக்கட்டலைச் சொல்லிக்கொடுத்ததற்காக மனைவி மக்களுடன் தெருவுக்கு வந்த மனிதர் அவர். இத்தகைய குற்றச்சாட்டுகள் எந்த மதத்துக்கோ எந்த நாட்டுக்கோ மட்டும் உரியவையல்ல என்பதை நமது வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அந்நேரம் கைகொடுத்தவர் ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் ஸ்ருவர்ட் மில். மனைவியை அவிஞோனில் அடக்கஞ் செய்த மில், அக்கல்லறைக்கு அருகிலேயே வீடெடுத்து ஆண்டின் ஒரு பகுதியை அங்கு கழித்துவந்தார். தாவரங்கள் மீதான ஈடுபாடு இருவரையும் நண்பர்களாக்கியிருந்தது. நிலைமையைக் கேள்விப்பட்டதும், பத்திரம் எதுவும் கேளாமல் 3,000 பிராங்க் அனுப்பினார் மில். ஃபாப்ரே ஒரான்ஜ் என்ற சிறு நகருக்குச் சென்று, மாணவருக்கான விஞ்ஞான நூல்களை இரவுபகலாக எழுதி அக்கடன் முழுவதையும் தீர்த்தார்.

பூச்சிகளைத் தேடும் பணியில் அவருக்கு உற்ற துணையாயிருந்தவன் மகன் ஜூல்ஸ். தந்தையின் கண்ணுக்குத் தப்பியதையும் கண்டுபிடிக்கும் கூர்மையுள்ள பிள்ளை. 1877இல், பதினாறு வயதில், ஜூல்ஸ் இறந்தான். அடுத்த ஆண்டுகளில் ஃபாப்ரே தமது பெரும்படைப்பான பூச்சியியல் நினைவுகள் நூலின் முதற்றொகுதியை மகனின் நினைவாக வெளியிட்டார். புதியவை என அவர் கருதிய மூன்று வேட்டைக்குளவிகளுக்கு ஜூலி என்று பெயரிட்டு அந்நூலில் விவரித்தார். அவற்றுள் ஒன்று, ஈக்களைப் பிடித்து நாள்தோறும் தன் குடம்பிக்கு ஊட்டும் பெம்பெக்ஸ் இனத்தது. இலத்தீன் பெயர்களில் அவருக்கு அவ்வளவாக மதிப்பிருந்ததில்லை. ஆனால் இம்மூன்று பெயர்களையும் அவர் தேடிப்போய் வைத்தார்.

அதே 1879இல் செரிஞான் கிராமத்தில் ஹார்மா என்றழைக்கப்பட்ட தரிசு நிலமொன்றை வாங்கினார். முள்ளும் கூழாங்கல்லும் நிறைந்து, எந்தக் கமக்காரனும் வேண்டாமென்று விட்ட நிலம். குளவிக்கும் தேனீக்கும் அதுவே சொர்க்கம். வாந்தூவின் வெண்முடி அங்கிருந்து தெரியும். நாற்பதாண்டுக் காலம் ஆசைப்பட்ட நிலம், ஐம்பத்தைந்து வயதில் கிடைத்தது.

தொடக்கத்தில் குறிப்பிட்ட ஈயின் மர்மம் விடுபட்டது இக்காலத்திலேதான். அந்திராக்ஸ் என்பது அதன் இனப்பெயர். கரிய வெல்வெட் போன்ற உடல், பாதி புகைநிறமும் பாதி கண்ணாடியுமான சிறகுகள், தொட்டாற் சிதைந்துவிடும் மென்மை. பெயர் முன்னரே இடப்பட்டிருந்தது. வாழ்வை எவரும் அறிந்திருக்கவில்லை. 1855இல் கார்ப்பந்த்ரா அருகேயுள்ள மண்மேடுகளைத் தோண்டியபோது, தலையில் முட்களைச் சூடிய விசித்திரமான கூட்டுப்புழு ஒன்றை அவர் கண்டார். அது இவ்வகை ஈயினுடையது. தேனீக்களின் அறைக்குள் ஈயின் கூட்டுப்புழு எப்படி வந்தது என்ற கேள்வி அன்று பிறந்தது. அதற்கான விடை 1886இல் வெளிவந்த மூன்றாந் தொகுதியில் உள்ளது.

கொத்தனார்த் தேனீயின் கூடு கல்லைப்போன்றது. உள்ளே தேனீயின் குடம்பி கொழுத்து, உறைக்குள் உறங்குகிறது. அதன்மேல் அந்திராக்ஸ் குடம்பி ஒன்று வாயைப் பதித்திருப்பதை ஃபாப்ரே கண்டார். அதற்குப் பல்லில்லை, கடிப்பதற்கு அலகுமில்லை. முத்தமிடுவதுபோல் வாயை ஒட்டி, வேண்டும்போது எடுத்து, வேறோர் இடத்தில் மீண்டும் ஒட்டி உறிஞ்சுகிறது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தேனீக்குடம்பி முழுவதும் வற்றிச் சிறு வெண்தோலாக எஞ்சுகிறது. காயம் எங்கே? அத்தோலை நீரில் ஊறவைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயால் காற்றை ஊதினார். தோல் பழைய உருவத்தை அடையுமளவுக்கு உப்பியது. நீருக்குள் அமிழ்த்திப் பார்த்தார். ஒரு குமிழிகூட வெளிவரவில்லை. துளையேதுமின்றி ஓருயிரின் உடல் முழுவதும் மற்றோர் உயிருக்குள் இடம்மாறியிருந்தது! உயிரியலாளர் இதனை இரைகௌவிக்கும் ஒட்டுண்ணிக்கும் இடைப்பட்டதாகக் கணிப்பர்.

அடுத்த கேள்வி வெளியேறுவது பற்றியது. தொட்டாற் சிதையும் ஈ கற்சுவரை உடைக்குமா? ஈ உடைப்பதில்லை, கூட்டுப்புழுவே உடைக்கிறது. தலையின் முட்களைத் துறப்பணமாகவும், முதுகின் கொளுக்கிகளை ஊன்றுகோலாகவும் கொண்டு சுவரைத் துளைத்து, பாதியுடல் வெளியே வந்ததும் ஓய்கிறது. பின்னரே தோல் வெடித்து ஈ புறப்படுகிறது. இனி, உள்ளே நுழைந்தது எவ்வாறு? இதற்கே காலம் சென்றது. கொளுத்தும் வெயிலில் கூடுகளின் அருகே காவலிருந்தார். ஈ தாழப் பறந்து கூட்டின் மேற்பரப்பை வயிற்றினால் ஒரு கணம் தொட்டுவிட்டுச் செல்லும். அவ்வளவுதான். ஈற்றில் தேனீயின் அறைகளுக்குள், கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் நூலிழைபோன்ற குடம்பியைக் கண்டார். ஈயின் முதற்பருவம் அதுவே. உணவின்றிப் பல நாள் கிடந்து, மயிரிழை வெடிப்பினூடாக உள்ளே நுழைந்து, இரையை அடைந்த பின் தோலுரித்து உறிஞ்சும் புழுவாக மாறுகிறது. நுழைவதற்கு ஓருடல், உண்பதற்கு ஓருடல், துளைப்பதற்கு ஓருடல், பறப்பதற்கு ஓருடல். பெட்டியில் ஊசி குத்தப்பட்டிருந்தது நான்காவது மட்டுமே.

இப்படிக் காத்திருக்கும் மனிதரை ஊரார் எவ்வாறு கண்டிருப்பர் என்பதை ஊகிக்கலாம். காலையில் திராட்சை கொய்யச் சென்ற பெண்கள் மூவர், கல்லொன்றின் மேல் அமர்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவரைக் கண்டனர். மாலையில் திரும்புகையிலும் அதே கல், அதே பார்வை. புத்தி பேதலித்த அப்பாவி என்று இரங்கிச் சிலுவைக்குறி இட்டுச் சென்றனராம். இதனை அவரே பின்னாளில் நகைச்சுவையோடு பதிந்திருக்கிறார்.

டார்வின் அவரைத் தமது நூலில் பாராட்டியவர். தேனீ திசையறியும் விதம் பற்றிப் பரிசோதனைகளை யோசனை கூறிக் கடிதமும் எழுதியவர். ஃபாப்ரே அவற்றைச் செய்தும் பார்த்தார். ஆயினும் கூர்ப்புக் கொள்கையை இறுதிவரை அவர் ஏற்கவில்லை. குளவியின் கொடுக்கு இயல்பூக்கத்தால் வழுவாது செல்கிறது, அது படிப்படியாகப் பழகி வந்திருக்கமுடியாது என்பது அவரது வாதம். அவர் தவறினார் என்றே கூறவேண்டும். 1898இல் அமெரிக்கரான பெக்காம் தம்பதியர் வெளியிட்ட ஆய்வு, ஒரே இனக் குளவிகளும் கொட்டும் இடத்திலும் தடவையிலும் வேறுபடுகின்றன, சில இரைகள் செத்தும் போகின்றன எனக் காட்டியது. அவர் பதிந்த அவதானிப்புகளில் பெரும்பாலானவை அவரது கொள்கை விழுந்த பின்னும் நிற்கின்றன.

1907இல் பத்தாந் தொகுதி வெளிவந்தபோதும் வறுமை நீங்கவில்லை. 1910இல் நண்பர்கள் எடுத்த விழாவின் பின்னரே நாடு விழித்தது. சிலையும் ஓய்வூதியமும் வந்தன. 1913இல் ஜனாதிபதி புவன்காரே செரிஞானுக்கே வந்து கண்டார். அப்போது அவருக்கு ஏறத்தாழத் தொண்ணூறு வயது. நடக்க முடியாது, கண்ணும் மங்கிவிட்டது. 1915 ஒக்டோபர் 11ஆம் திகதி, உலகப் போரின் நடுவே, காலமானார்.

ஹார்மாவை 1922இல் பிரெஞ்சு அரசு வாங்கியது. தேசிய இயற்கை வரலாற்று நூதனசாலையின் பொறுப்பில் அது பேணப்படுகிறது. வாந்தூ உச்சியில் கண்ட குளவி இப்போது பொடலோனியா என்ற வேறோர் இனப்பெயருடன் வழங்குகிறது. பெயர்கள் மாறுவது பூச்சியியலில் வழமை. அவர் எழுதிய மேசை கைக்குட்டை விரிக்கும் அளவுக்கே இடமுள்ள சிறு மேசை. மைக்கூடும் ஒரு கொப்பியும் வைத்தால் நிறைந்துவிடும்.